மணப்பெண்ணைத் தொட்ட கைகள்

1

சிலப்பதிகாரத்தில் மணப்பெண் அலங்காரம் கிடையாது. இத்தனைக்கும் காவியம் கல்யாணத்தில்தான் தொடங்குகிறது. பதினாறு வயதுக் கோவலன், பன்னிரண்டு வயதுக் கண்ணகி, யானைமேல் ஏறி ஊருக்கு மணச்செய்தி சொல்லும் பெண்கள், நீல விதானம், முத்துப் பந்தல், ரோகிணியைச் சேர்ந்த நிலவு, வழிகாட்ட ஒரு முதுபார்ப்பான், தீவலம் என்று எல்லாம் இருக்கின்றன. சந்தனமும் பூவும் விளக்கும் முளைப்பாலிகையும் ஏந்தி வரும் பெண்களைக்கூட இளங்கோ நிறுத்தி நிதானமாகப் பார்க்கிறார். கண்ணகியை மட்டும் அருந்ததி என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். அவள் என்ன உடுத்தியிருந்தாள், தலையை யார் வாரிவிட்டார்கள் என்பதற்கு ஒரு வார்த்தை இல்லை.

அலங்காரத்தை அவர் வேறொருத்திக்காக வைத்திருக்கிறார். கடலாடு காதையில், ஊடியிருக்கும் கோவலனை மகிழ்விக்க மாதவி குளித்து ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீர். கூந்தலுக்குப் புகை, பிறகு அதை ஐந்தாகப் பகுத்துக் கஸ்தூரிக் குழம்பு, அடிகளுக்குச் செம்பஞ்சு. பரியகம், நூபுரம், பாடகம், சதங்கை, அரியகம் என்று பாதத்தில் ஆரம்பித்து, தொடை, இடை, தோள், முன்கை, விரல், கழுத்து, காது என்று ஏறி, தெய்வவுத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் என்று உச்சந்தலையில் முடிகிறது வரிசை. பத்துத் துவர் எவை என்று அடியார்க்கு நல்லார் உட்கார்ந்து எண்ணிச் சொல்கிறார்: பூவந்தி, கடுக்காய், நெல்லி, தான்றி, ஆல், அரசு, அத்தி, இத்தி, கருங்காலி, நாவல்.

இந்த இடத்தை எடுத்துப் பட்டியல் போட்டு, 'பண்டைத் தமிழர் அணிகலன்கள்' என்று ஓர் அத்தியாயம் எழுதிவிடுவது நம் ஆய்வேடுகளின் பழக்கம். பட்டியல் யாருடைய உடம்பின்மேல் இருக்கிறது என்ற கேள்வி அதில் எழுவதில்லை. கண்ணகி விஷயத்தில் நகையைப் பற்றிக் கோவலன் வாய்திறக்கிற இடம் ஒன்று உண்டு. மங்கல அணி போதுமே, உன்னை அலங்கரிப்பவர்கள் எதற்காக மற்றவற்றையும் பூட்டுகிறார்கள் என்று கேட்கிறான். அதாவது அவளுக்கு நகை மிகை. பின்னால் அவள் சிலம்பு அவிழ்வதை, விலைபேசப்படுவதை, உடைபடுவதைப் பார்க்கிறோம். மதுரையை விட்டு வெளியேறும்போது கொற்றவை கோயில் வாசலில் தன் பொன்வளையை உடைத்துவிட்டுப் போகிறாள். கண்ணகி நகை பூண்ட காட்சியை எழுதாத கவி, அவள் நகையைக் களைந்த காட்சிகளை எழுதியிருக்கிறார்.

இது இளங்கோவின் விசித்திரமில்லை என்று அகப்பாடல்களைப் பார்த்தால் தெரிகிறது. சங்ககாலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குச் செய்யப்படும் பெரிய சடங்கு சிலம்பு கழி நோன்பு. சிறுமியாக இருந்தபோது காலில் போட்ட சிலம்பைக் கழற்றுவது. ஐங்குறுநூற்றில், உடன்போக்குப் போய்த் திரும்பிய மகளுக்குக் காதலன் வீட்டில் சிலம்பு கழித்துவிட்டார்கள், மணத்தையாவது என் வீட்டில் செய்யக்கூடாதா என்று பெற்றவள் ஏங்குகிறாள். அகநானூற்றில் இரண்டு கல்யாணங்கள் விரிவாக வருகின்றன, 86லும் 136லும். முன்னதில் நீராட்டு பெரிய விஷயம். பின்னதில் புதுத்துணியால் முழுக்கச் சுற்றப்பட்டு, புழுக்கத்தில் நெற்றி வியர்க்க உட்கார்ந்திருக்கிற பெண். இழை அணிந்திருக்கிறாள் என்பது ஒரு சொல்லில் கடந்துபோகிறது. காற்றுப் படட்டும் என்று புருஷன் துணியை விலக்கப் போவதும் அவள் நாணுவதும்தான் அங்கே கவிதை.

கழுவுவதும் கழிப்பதுமாக இருந்த ஒரு சடங்கு, பூட்டுவதும் பூசுவதுமாக எப்படி மாறியது? மாதவியின் உடம்பில் இருந்த பட்டியல் கண்ணகியின் உடம்புக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? இந்தக் கேள்வியை நகையைப் பார்த்து ஆராய்ந்தால் பதில் பாதிதான் கிடைக்கும் என்று எனக்குப் படுகிறது. பூட்டிய கைகளைப் பார்க்கவேண்டும்.

2

அகநானூறு 86ல் அந்தக் கைகள் யாருடையவை என்பது ஸ்பஷ்டமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. முதுபெண்டிர் சத்தம்போட்டுக்கொண்டு தலையில் குடத்தோடு நீர் கொண்டுவருகிறார்கள். ஆனால் பெண்ணின் தலையில் நீரைச் சொரிகிறவர்கள் நால்வர். நால்வரும் மகனைப் பெற்றவர்கள், நகை அணிந்தவர்கள். நீரில் பூவும் நெல்லும் கலந்திருக்கிறது. கணவன் விரும்பும்படி இரு என்று வாழ்த்திக்கொண்டே ஊற்றுகிறார்கள். கூட்டத்தில் குடம் சுமக்க எல்லோரும் வரலாம். தொடுவதற்குத் தகுதி வேண்டும்.

தகுதி இல்லாதவர்கள் யார் என்பதைப் புறநானூற்றில் தேடவேண்டும். கூந்தல் களைந்து, வளை கழித்து, வேளைக்கீரை தின்று, கல்லில் படுக்கும் கைம்பெண்கள் அங்கே இருக்கிறார்கள். சிலம்பைக் கழிப்பதற்கும் வளையைக் கழிப்பதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல். முதல் கழித்தல் பெண்ணை மனைக்குள் கொண்டுவருகிறது, இரண்டாவது கழித்தல் மனையின் பின்கட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். 1996ல் எங்கள் பெரியப்பா மகள் கல்யாணம். எனக்கு எட்டு வயது. அப்பாவின் அக்கா ஒருத்தி, நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவள், இருபத்துநாலு வயதில் புருஷனை இழந்து தம்பிகள் வீட்டில் மாறிமாறி இருந்துவந்தாள். பூஜடை தைப்பதில் அவளுக்கு இணை கிடையாது. பின்னலின் நீளத்துக்கு வாழைப்பட்டையை நறுக்கி, மல்லிகை மொட்டுகளை விரியும் முன்பே வரிசை வரிசையாக ஊசியில் கோத்துத் தைத்து, நடுநடுவே கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் வைத்து, மொட்டு வாடாமல் இருக்க ஈரத்துணியால் மூடி மூடித் திறந்து செய்கிற வேலை. முகூர்த்தம் காலை ஆறரைக்கு. இரவு முழுவதும் பின்தாழ்வாரத்தில் நாற்பது வாட் பல்ப் வெளிச்சத்தில் அத்தை தைத்துக்கொண்டிருந்தாள். நான் மொட்டு எடுத்துக் கொடுத்தேன்.

விடியற்காலையில் முடிந்த ஜடையை வாழையிலையில் கிடத்தி, கூடத்து நிலைப்படியில் வைத்தாள். உள்ளே இருந்து சித்தி வந்து எடுத்துக்கொண்டு போனாள். அலங்கார அறையின் கதவு பாதி திறந்திருந்தது. சித்தி ஜடையைத் தலைகீழாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அத்தை நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று, "நுனி மேல போயிருச்சு, திருப்பு, திருப்பிக் கட்டு" என்று சொன்னாள். கையை நீட்டிக்கூடக் காட்டவில்லை. கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை, திட்டவில்லை. தடுக்கவேண்டிய அவசியமே அங்கே இல்லை.

சுயமரியாதை இயக்கம் புரோகிதரை வெளியே அனுப்பியது, மந்திரத்தை நிறுத்தியது, ராகுகாலத்தில் கல்யாணம் நடத்திக் காட்டியது, 1967ல் அப்படிப்பட்ட திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரமும் வந்தது. அதன் மேடைகளில் விதவைகளின் நிலை பற்றி ஓயாமல் பேசப்பட்டது. ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் இருக்கும் அலங்கார அறைக்குள் அது எவ்வளவு தூரம் போனது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த அறைக்குள் ஆண்கள் போவதில்லை. அறையின் சட்டதிட்டங்கள் மேடையில் எழுதப்படுவதும் இல்லை.

3

மங்கலத்தின் தர்க்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனால் ஒரு சிக்கல் வருகிறது. கணவன் உயிரோடு இருக்கும் பெண்ணின் கை மங்கலமானது. ஆனால் அந்தக் கணவன் நாளை இருப்பான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே ஆகச் சிறந்த கை, விதவையாகவே முடியாத ஒருத்தியின் கை. அப்படி ஒருத்தி நம் சமூகத்தில் இருந்தாள். தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டப்பட்ட தேவதாசி, நித்தியசுமங்கலி.

எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளிவந்த தன் ஏழு தொகுதிகளில் இதைக் குறித்துவைத்திருக்கிறார். சிலர் கல்யாணத் தாலியை தாசியிடம் அனுப்புவார்கள். அவள் சரடு தயார்செய்து, தன் தாலியிலிருந்து கருமணிகளை எடுத்து அதில் கோத்துத் தருவாள். கல்யாண ஊர்வலத்தின் முன்னால் அவளை நடக்கச் சொல்வதும் உண்டு. எதிரே வரும் அபசகுனம் குடும்பப் பெண்ணைப் பாதிக்கும், இவளைப் பாதிக்காது. மங்கலத்தின் ஊற்றாகவும் அமங்கலத்தை வாங்கிக்கொள்ளும் கேடயமாகவும் அவளை வைத்திருந்தார்கள். அவளை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்களா என்பது வேறு விஷயம்.

அவளும் ஒரு நாள் மணப்பெண்ணாக இருந்தவள்தான். பொட்டுக்கட்டும் சடங்கு கல்யாணச் சடங்கின் நேர்ப்பிரதி. இங்கேதான் மாதவியின் பட்டியலும் கண்ணகியின் பட்டியலும் சந்தித்துக்கொள்கின்றன என்று நினைக்கிறேன். நெற்றிச்சுட்டி, வகிட்டின் இருபுறமும் சூரியப்பிரபை சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம், புல்லாக்கு, வங்கி, ஒட்டியாணம் என்று இன்று நாம் மணப்பெண்ணின் 'பாரம்பரிய' செட் என்று சொல்லுகிற யாவும் கோயில் அம்மனின் நகைகள். அம்மனுக்குச் செய்ததையே தாசியும் பூண்டாள். நாகர்கோவிலை ஒட்டிய வடசேரியில் சிவப்புக் கெம்பும் பச்சைக்கல்லும் பதித்து இன்றும் இவற்றைச் செய்கிறார்கள். வாங்குகிறவர்கள் மூன்று பேர்: கோயில், நாட்டியக்காரி, கல்யாண வீடு.

1930ல் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். அந்தக் குலத்திலேயே பிறந்து அதை எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் நாவல் 1936ல் வந்தது. 1947ல் பொட்டுக்கட்டுவது சட்டவிரோதமாயிற்று. இதற்கு நடுவே 1935ல் ருக்மிணி தேவி மேடையேறி ஆட, சதிர் பரதநாட்டியமாகப் பெரிய வீடுகளின் கூடத்துக்குள் போயிற்று. தாசியின் நடனம் குடும்பப் பெண்ணுக்கு வந்ததைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவள் நகையும் சேர்ந்தே வந்தது என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. வசதியான வீடுகளில் அதற்கு முன்பும் தலைசாமான் இருந்தது. ஆனால் எல்லா ஜாதியிலும் எல்லா ஊரிலும் மணப்பெண் என்றால் இந்த உருவம்தான் என்று ஆனது, அந்த நகைகளின் பழைய சொந்தக்காரி காட்சியிலிருந்து மறைந்த பிறகுதான். இருக்கும்போது அவளைப்போல உடுத்துவது அவமானமாக இருந்திருக்கும். இல்லாதபோது அதுவே பாரம்பரியமாகிவிட்டது.

அந்தக் குலத்துப் பெண்களுக்குச் சட்டம் செய்த நன்மையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. கல்யாணக் கூடத்திலிருந்து பார்த்தால் ஒரு கை போயிற்று என்று மட்டும் சொல்கிறேன். குளியல் முறையும் இப்படித்தான் கைமாறியிருக்கிறது. துவரும் விரையும் ஊறிய மாதவியின் நீரை நினைத்துக்கொண்டு, நாட்டுமருந்துக் கடையில் நலங்கு மாவுக்குக் கேட்கும் சாமான்களைப் பாருங்கள். பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி, பாசிப்பயறு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே பாட்டிமார்கள் இதை அரைத்துவைத்துப் பெண்ணைத் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். சரக்குகள் ஒன்றே என்று சொல்லமாட்டேன். துவர்ப்பும் வாசனையுமாகச் சேர்க்கிற மனம் ஒன்று. காவியத்தில் கணிகையின் ரகசியமாக இருந்தது பிற்காலத்தில் பாட்டி வைத்தியமாக இருக்கிறது.

4

அடுத்த கை, கேமராவின் கை.

மஞ்சள் பூசிய முகம் குத்துவிளக்கு வெளிச்சத்துக்கு ஏற்றது. எண்ணெய்த் திரியின் ஒளியே மஞ்சள். அதில் அந்த முகம் உள்ளிருந்து எரிவதுபோல இருக்கும். ஆனால் ஆரம்பகால போட்டோ பிளேட்டுகள் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கிக்கொண்டன. மஞ்சளும் சிவப்பும் அவற்றில் கறுத்துப் பதியும். நலங்குக்காக நாலு நாள் மஞ்சள் தேய்த்த பெண் ஸ்டூடியோவில் போய் நின்றால், வீடே அழகு என்று சொன்ன நிறம் படத்தில் கரியாக விழும். பவுடர் நம் கல்யாணங்களுக்குள் வந்ததற்கு வெள்ளைத்தோல் மோகம் ஒரு காரணம். இந்த ரசாயனமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். மங்கலத்துக்காகப் பூசியதை, படத்துக்காகப் பவுடரால் மூடவேண்டியதாயிற்று. இரண்டு கண்களுக்காக ஒரே முகத்தில் இரண்டு பூச்சு.

அந்த இரண்டாவது கண் பிறகு சினிமாவின் கண்ணாயிற்று. ஐம்பதுகளிலிருந்து மணப்பெண் எப்படி இருக்கவேண்டும் என்பதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அந்தத் திரை மணப்பெண்ணின் முகத்தைச் செய்தவர்கள் யார்? ஆண்கள். பம்பாயில் ஒப்பனைக் கலைஞர்களின் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கார்டு தருவதில்லை என்பதை விதியாகவே வைத்திருந்தது. பெண் முடியலங்காரம் செய்யலாம், முகத்தைத் தொடக்கூடாது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவந்த இது, சாரு குரானா என்ற ஒப்பனைக் கலைஞர் தொடுத்த வழக்கில், 2014 நவம்பரில் உச்சநீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பு சொன்ன பிறகே சட்டப்படி முடிந்தது. வீட்டுக்குள் எந்த ஆணும் எட்டிப்பார்க்கக்கூடாத அறையில், நாலு சுமங்கலிகள் கூடி, ஆண் கைகள் எழுதிய ஒரு முகத்தைப் பார்த்துப் பெண்ணின்மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிகளும் வந்தன. 1952ல் டாட்டா குழுமம் தொடங்கிய அழகுசாதனக் கம்பெனிக்கு லக்மே என்று பெயர். பிரெஞ்சு ஓபரா ஒன்றின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த லட்சுமியின் பெயர் அது. மணப்பெண்ணை மகாலட்சுமி என்று சொல்லும் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான விலாசம் கிடைத்திருக்காது. 1975ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. பெண்பார்க்கும் படலத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவிலுள்ள வாரங்களை அது தன்னுடைய வாரங்களாக எடுத்துக்கொண்டது. 2020ல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. மணமகள் தேவை விளம்பரத்தில் அந்தச் சொல் தமிழில் பத்திரமாக இருக்கிறது.

5

கூலிக்குத் தொடும் கை கடைசியாக வந்தது என்று சொல்வது பூரண உண்மையாகாது. நாவிதர் குடும்பத்துப் பெண்கள்தான் பல ஊர்களில் பிரசவம் பார்த்தார்கள். மணப்பெண்ணை இந்த உலகத்தில் முதலில் தொட்ட கை அவர்களுடையது. கொங்குநாட்டு வேளாளர் கல்யாணத்தில் மங்கல வாழ்த்தைச் சொல்கிறவரே நாவிதர்தான். தொடுவது அவர்கள் தொழில், எனவே அந்தத் தொடுகைக்கு மரியாதை கிடையாது. தொடுகைக்கு மரியாதை வேண்டுமென்றால் அது கூலி வாங்காத கையாக இருக்கவேண்டும் என்பதே பழைய ஏற்பாடு.

பியூட்டி பார்லர் இந்த ஏற்பாட்டை உடைத்தது. சென்னையிலும் கல்கத்தாவிலும் ஆரம்பகால பார்லர்கள் பலவற்றை நடத்தியவர்கள் சீனக் குடும்பத்துப் பெண்கள். நம் ஜாதிக் கணக்கிலும் அடங்காத, சுமங்கலிக் கணக்கிலும் அடங்காத கைகள். பெரிய வீட்டுப் பெண்கள் அவர்களிடம் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். பிறகு நம் பெண்களே கற்றுக்கொண்டார்கள். இன்று தாலுகா தலைநகர் எதிலும் இரண்டு மூன்று பார்லர்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே 'பேக்கேஜ்' பேசுகிறார்கள். ஃபேஷியல், வேக்ஸிங், பெடிக்யூர், ஒரு நாள் 'ட்ரையல்', முதல்நாள் இரவே மடித்து இஸ்திரி போட்டு வைக்கப்படும் கூறைப்புடவை. வீட்டுத் தோட்டத்து மருதாணியை அரைத்து விரல்நுனிக்குத் தொப்பி வைத்தது போய், கோனில் மெஹந்தி. மேக்கப்பின் முக்கியமான தகுதியாகச் சொல்லப்படுவது வியர்வையில் கரையாது என்பது. அகநானூறு 136ல் பெண்ணின் நெற்றி வியர்வைதான் இரண்டு அந்நியர்களுக்கு நடுவே முதல் பேச்சாக இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதைச் சரிவு என்று எழுதி முடித்துவிடலாம். வீட்டுப் பெண்களின் கூட்டுவேலை போயிற்று, வாழ்த்துப் போயிற்று, எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த முகத்தோடு மேடையில் நிற்கிறார்கள் என்று புலம்பலாம். சில வருஷங்களுக்கு முன்பு நானே அப்படித்தான் எழுதியிருப்பேன்.

2019ல் அந்தப் பெரியப்பா மகளின் பெண்ணுக்குக் கல்யாணம். அத்தைக்கு எழுபத்துமூன்று வயது. விரல்கள் மடங்கிப்போய் ஊசி பிடிக்க வராது. பூஜடை கடையிலிருந்து வந்திருந்தது. மண்டபத்து மணப்பெண் அறையின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தையை உட்கார்த்தியிருந்தார்கள். பக்கத்து டவுனிலிருந்து வந்த மேக்கப்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சக்கரம் வைத்த பெட்டி, ஒரு உதவிப் பெண். உதவிப் பெண் எதற்கோ வெளியே போயிருந்த நேரம். இனி நான் சொல்வது அக்கா என்னிடம் பிறகு சொன்னது.

மேக்கப்காரப் பெண் பின்னலின் ஒரு கால் கையிலிருக்கத் திரும்பிப் பார்த்து, "பாட்டி, இந்த முடியைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க" என்றாள். அறையிலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை எழுந்திருக்கவில்லை. "என் கை வேண்டாம்மா" என்றாள்.

"ஏன் பாட்டி, எண்ணெயா? துடைச்சுக்கங்க, டிஷ்யூ இருக்கு."

யாரும் பேசவில்லை. மேக்கப்காரப் பெண்ணுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியிடம் வந்து குனிந்து, அக்காவுக்கு மட்டும் கேட்கிற குரலில், "எனக்கும் அவர் இல்லை பாட்டி. நாலு வருஷமாச்சு. ஒரு முகூர்த்தம் விட்டதில்லை. வாங்க" என்றாள்.

அத்தை அக்காவைப் பார்த்தாள். அக்கா, "பிடிங்க அத்தை, நேரமாச்சு" என்றாள். அத்தை போய்ப் பிடித்துக்கொண்டாள்.

பணம் வந்து மங்கலத்தை விரட்டிவிட்டது என்று இதிலிருந்து தீர்மானம் செய்வதற்கில்லை. அந்தப் பெண் நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள், கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மாதிரி ஏதோ தெரிந்தது. தொழிலுக்காகப் போட்டுக்கொள்வது என்று அக்காவிடம் சாப்பிடும்போது சொல்லியிருக்கிறாள். தாலி இருக்கிறதா என்று வாயால் யாரும் கேட்பதில்லை; கண்ணால் கேட்கிறார்கள். அவள் உரக்கச் சொல்லியிருந்தால் அடுத்த மாதத்து முகூர்த்தங்களில் பாதி போயிருக்கும். சந்தை அவளுக்குக் கொடுத்திருக்கும் சுதந்திரம், கேட்கப்படாமல் இருக்கும் சுதந்திரம் மட்டும். ஆனாலும் இதற்கு முன்னால் எந்த சாஸ்திரமும் எந்தச் சீர்திருத்த மேடையும் எங்கள் அத்தையின் கைக்கு அதைக்கூடக் கொடுத்ததில்லை என்பதை ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

6

வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாண நகைகளை அவற்றின் அடுத்த பயணத்தில் பார்க்கும் இடம் அது. ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தங்கள் முடிந்த சில மாதங்களில் அவை வரத் தொடங்கும். தம்பதியாக வருவார்கள். அவன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வான், அவள் கைப்பையிலிருந்து வெல்வெட் டப்பாக்களை எடுத்து வைப்பாள். முதலில் வருவது பெரும்பாலும் ஒட்டியாணமும் வங்கியும். அன்றாடம் போட்டுக்கொள்ள முடியாதவை. சிலம்பை விற்கக் கோவலன் தனியாகப் போனான். இப்போது சேர்ந்து வருகிறார்கள் என்பது ஒரு முன்னேற்றம்தான்.

மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பார், தராசில் வைப்பார். கல் பதித்த நகையானால் மொத்த எடை ஒன்று, நிகர எடை ஒன்று. கெம்பு, பச்சை, அரக்கு எல்லாவற்றையும் குறைத்துவிட்டுப் பொன்னுக்கு மட்டும் கடன். "கல்லு கழிச்சு" என்று அவர் எண்ணிக்கையைச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். அழகாக இருந்தது எல்லாம் கழிக்கப்பட்ட எடையில் போய்விடும். பழைய வினைச்சொல் அங்கேயும் வேலை செய்துகொண்டிருப்பது முதல் தடவை காதில் விழுந்தபோது பேனா நின்றுவிட்டது.

மணப்பெண் அலங்காரத்தின் வரலாற்றை எழுத நினைக்கிறவர்கள் நகைகளை எண்ணட்டும், சரக்குகளை எண்ணட்டும். அதோடு, அந்த அறையில் யார் எங்கே நின்றார்கள், யாருடைய கை முன்னால் இருந்தது, யாருடைய கை முதுகுக்குப் பின்னால் இருந்தது என்றும் கொஞ்சம் கேட்கவேண்டும். இந்தக் கேள்விக்கு இலக்கியத்தில் கிடைக்கும் பதில் சொற்பம். வீடுகளில் கிடைக்கும். கேட்கவேண்டியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அத்தை 2021ல் போய்விட்டாள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் பெண் திரும்பி உட்கார்ந்து பூஜடையைக் காட்டும் படம் ஒன்று இருக்கிறது. எல்லாக் கல்யாண ஆல்பத்திலும் இருக்கிற படம்தான். இதில் படத்தின் இடது ஓரத்தில், பின்னலின் நுனியைப் பிடித்தபடி, வளையல் இல்லாத ஒரு கை. அக்கா அதைப் பெரிதாக்கக் கொடுத்தபோது, ஓரத்தில் கை தெரிகிறது, வெட்டிவிடலாமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டாராம். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம்.